ஈப்போவுக்குப் போகாத திங்கட்கிழமை

தோட்டம், பிரிஞ்சாங்
16 ஜனவரி 2024

யுவனேஸ்வரிக்கு,

கந்தசாமி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உன் அக்காவுக்காகத்தான் எழுதுகிறேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். கொழுந்து லோரியை எடுத்துக்கொண்டு நான் மேல் மலைக்குப் போய்விட்டால் அங்கே லைன் கிடைக்காது. சாரதாவுக்கு மூச்சு முட்டினால் பக்கத்து வீட்டுக் காளியம்மாவைக் கூப்பிட வேண்டுமே, அதனால் அந்தப் போன் அவள் தலைமாட்டிலேயே கிடக்கிறது. யார் என்ன அனுப்பினாலும் அவள் கண்ணில் படும். நான் கேட்கப்போவது அவளுக்கு இப்போது தெரிய வேண்டாம். பதிலை ஆபீஸ் முகவரிக்கு எழுது. கணக்கெழுதும் கிராணி என் கையில்தான் கொடுப்பார்.

ஒரு வருஷமாக அவள் சாப்பிட்ட மாத்திரை இனி வேலை செய்யாது என்று ஈப்போ பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நுரையீரலில் இருந்த கட்டி முதுகெலும்புக்கும் போய்விட்டதாம். நேற்றுப் பொங்கல் பானையை இறக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வலிக்கு முதுகில் கரண்டு, அந்தக் கதிர் சிகிச்சை, வைக்க வேண்டும் என்று ஏற்கெனவே பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, வரச் சொல்லியிருக்கிறார்கள். அது வலியைத்தான் குறைக்கும், நோயை ஒன்றும் செய்யாது என்று அந்த டாக்டரே சொன்னார்.

உன் லேபில் ஏதோ வெளிச்சம் வைத்துக் கட்டியைப் பார்க்கிறீர்கள், அதில் சரியாக வந்தால் புது மருந்து கொடுக்கிறார்கள் என்று முன்பு நீ சொன்னதாகச் சாரதா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அவளுக்கு அது ஆகுமா? அதை மட்டும் கேட்டு எழுது.

நம் சண்டை எனக்கு மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காளியம்மாவை வைத்துக்கொண்டு நீ என்ன கேட்டாய்? "ஆறு மாசமா இருமுனவள சளின்னு சொல்லி வீட்டுல வச்சிருந்தீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுசனா?" என் வாசலை இனி மிதிக்காதே என்று நான் சொன்னதும் அதற்குத்தான். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் இது வேறு.

கந்தசாமி


கோலாலம்பூர்
22 ஜனவரி

மாமா,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

முதலில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேபில் ஒரு ஆய்வு நடக்கிறது. கட்டி தானாக வளர்வதில்லை. "வளர், வளர்" என்று அதைத் தூண்டிக்கொண்டே இருக்கும் புரதங்கள் உண்டு. வளர்ச்சிக் காரணி என்போம். அக்கா சாப்பிட்ட மாத்திரை அப்படி ஒரு வழியை அடைத்து வைத்திருந்தது. இப்போது கட்டி வேறு வழி பிடித்திருக்கலாம். அந்த இரண்டாவது வழியில் இருக்கும் புரதத்துக்குத்தான் புது மருந்து.

அது ஒருவருடைய கட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்த ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டக்கூடிய எதிர்ப்புரதம் எங்களிடம் இருக்கிறது. அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, மெல்லிசாகச் சீவிய சதைமேல் ஊற்றி, கழுவி, இருட்டறையில் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்ப்பேன். நீல வெளிச்சம் பட்டதும், ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்தால் மருந்துக்கு அங்கே இலக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் கொடுத்துப் பயனில்லை. பெரும்பாலான பேருக்கு ஒளிர்வதில்லை, மாமா. இதை இரண்டு தடவை படியுங்கள்.

நவம்பரில் ஈப்போவில் ஊசி குத்தி எடுத்த சதை மெழுகுக் கட்டையில் பத்திரமாக இருக்கும். அதை இங்கே அனுப்ப அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அதனால் அவளிடம் சொல்லாமல் முடியாது. தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிவைச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. எங்கள் தலைமை டாக்டர் கரேன் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு ஆஸ்பத்திரி வழியாகத்தான் வரும். அக்கா தினமும் போனில் கேட்பாள். நான் வாய் திறக்கமாட்டேன்.

வராந்தாவில் பேசியதைப் பற்றி. கேட்ட இடம் தப்பு. கேட்டது தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

யுவனேஸ்வரி


தோட்டம்
31 ஜனவரி

யுவனேஸ்வரிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஈப்போவுக்கு நானே லீவு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கட்டையை அனுப்பிவிட்டோம் என்று நேற்று சொன்னார்கள்.

நீ சொன்னபடியே அவளிடம் சொன்னேன். பெரும்பாலான பேருக்கு ஒளிராது என்பதையும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கினாளா தெரியாது. "என் தங்கச்சி கையிலதான் போவுதா? அப்ப நல்லா கழுவச் சொல்லுங்க" என்று சிரித்தாள். சிரித்தால் இருமல் வருகிறது. இருமினால் முதுகு பிடிக்கிறது. பிறகு சாய்ந்து படுத்துக்கொண்டு மூச்சுக்காகக் காத்திருக்கிறாள்.

நீ பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. அவள் பார்த்த கங்காணி வேலைக்குப் புது ஆள் போட்டுவிட்டார்கள். அந்தப் பையனுக்குக் கத்தத் தெரியவில்லை. பங்களாதேஷ் ஆட்களும் நேபாள ஆட்களும் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு இஷ்டத்துக்கு முத்தல் இலையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். சாரதா இருந்தபோது கீழ் ரோட்டில் நின்று ஒரு சத்தம் போட்டால் மேல் மலையில் இருப்பவன் கை நிற்கும். போன வாரம் ஜன்னலைத் திறந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். வாசலில் நின்ற எனக்கே கேட்கவில்லை. "தொண்ட கட்டிருக்கு" என்று ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

எப்போது பார்ப்பாய்?

கந்தசாமி


கோலாலம்பூர்
9 பிப்ரவரி

மாமா,

ஒளிர்ந்தது.

இதை நான் எழுதக்கூடாது. டாக்டர் கரேன் சீனப் புத்தாண்டுக்கு முன்பே லீவில் போய்விட்டார், பத்தொன்பதாம் தேதிதான் வருவார். அவர் பார்க்காமல் இது முடிவே ஆகாது. சதை ஒட்டிய கண்ணாடித் தகட்டில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் அந்தக் கட்டையை வரவழைத்ததே நான், எனக்குத் தெரியாமல் போகுமா? இன்று மத்தியானம் லேபில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் இருட்டறைக்குள் போய் வைத்துப் பார்த்தேன். பச்சை, மாமா. கொடி கொடியாக, அப்படி ஒரு பச்சை. பத்து வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அப்போதும் இருந்தது.

ஒரு குறை இருக்கிறது. இதோடு சேர்த்து ஒப்பிட இன்னொரு தகடு செய்வோம். அதே சதை, அதே சாயம், ஆனால் அந்தப் புரதத்தைத் தேடிப் போகும் எதிர்ப்புரதம் மட்டும் இருக்காது. அது இருட்டாக இருக்க வேண்டும். அந்தத் தகட்டில் இருந்த சதை கழுவும்போது கண்ணாடியை விட்டு நழுவிப் போய்விட்டது. அவ்வப்போது நடப்பதுதான். லீவு முடிந்ததும் புதிதாகச் சீவிச் செய்துவிடுவேன். வழக்கமான வேலைதான்.

ஏன் அவசரமாக எழுதுகிறேன் என்றால், ஆய்வில் சேரும் முன் நான்கு வாரத்துக்கு வேறு எந்தச் சிகிச்சையும் எடுத்திருக்கக்கூடாது. கரண்டு வைத்தாலும் கணக்குத்தான். இந்தத் தடவை ஆள் சேர்ப்பது மார்ச் நடுவில் முடிகிறது. பத்தொன்பதாம் தேதி ஈப்போவில் வைத்துக்கொண்டால் அக்காவுக்கு இடம் கிடைக்காது. அதைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று அங்கே டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் விட்டுவிடுகிறேன். போனில் சொன்னால் அக்கா என் குரலிலேயே பிடித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

நான் அழுதுகொண்டே எழுதுகிறேன். சந்தோஷத்தில்தான்.

ஈசு


தோட்டம்
15 பிப்ரவரி

ஈசு,

லீவினால் உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். கிராணி, "என்ன கந்தசாமி, கெட்ட சேதியா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

லோரியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். சாரதாவிடம் சொன்னேன். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து கேட்டாள், "நிசமா சொல்றீங்களா, இல்ல என்னைச் சாப்பிட வைக்கச் சொல்றீங்களா?" உன் கடிதத்தையே படித்துக் காட்டினேன். அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

இன்று காலை ஈப்போவுக்குப் போன் போட்டேன். அந்த டாக்டருக்குக் கோபம். "முதுகெலும்பு நசுங்கினா காலு போயிரும் அங்கிள். நீங்க விளையாடுறீங்க" என்றார். டாக்டர்கள் எல்லாரும் இப்படித்தான் பயம் காட்டுவார்கள். மாத்திரை வேலை செய்யாது, ஒன்றும் செய்ய முடியாது என்றவரும் அவர்தானே? ஒரு மாதம் கழித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். கால் போகும் என்று அவர் சொன்னதைச் சாரதாவிடம் சொல்லவில்லை. இப்போதுதான் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது.

கேஎல்லுக்குப் பஸ்ஸில் கூட்டிவந்தால் வளைவுகளில் வாந்தி எடுப்பாள். என்னோடு லோரி ஓட்டும் சிங்காரம் அவன் கெரேத்தாவைத் தருகிறேன் என்கிறான், பின் சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிவரலாம். எந்தத் தேதி என்று மட்டும் சொல். வந்தால் உன் வீட்டில்தான் தங்க வேண்டியிருக்கும். அதற்கு நான் எதுவும் நினைக்கவில்லை.

கந்தசாமி


கோலாலம்பூர்
19 பிப்ரவரி

மாமா,

இதைப் படித்ததும் அக்காவை உடனே ஈப்போவுக்குக் கூட்டிப் போங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

நான் செய்தது தப்பு. ஒப்பிடும் தகட்டைப் புதிதாகச் செய்து இன்று காலை டாக்டர் கரேனோடு உட்கார்ந்து பார்த்தேன். அது இருட்டாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதுவும் பச்சையாக ஒளிர்ந்தது. அதே கொடி, அதே பச்சை. எதிர்ப்புரதமே ஊற்றாத தகடு அது. அப்படியென்றால் முதலில் நான் பார்த்ததும் எதிர்ப்புரதம் ஒட்டியதால் வந்த ஒளி இல்லை. சதைக்கே சொந்தமாக ஓர் ஒளி உண்டு. நுரையீரலில் அது அதிகம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது இது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கரேன் வேறு நிற விளக்கில் மாற்றி வைத்தும் பார்த்தார். கட்டியின் உயிரணுக்கள் இருட்டாகவே இருந்தன. அந்தப் புரதம் அங்கே இல்லை. ஆய்வில் அக்காவுக்கு இடமில்லை.

உங்கள் கடிதம் லேபில் என் மேசைக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். நீங்கள் ஈப்போவை நிறுத்தியது அப்போதுதான் தெரியும். உடனே போன் போட்டேன். அக்கா எடுத்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னே, "ஈசு, அங்க வந்தா எனக்கு ஆஸ்பத்திரிச் சோறு வேணாம், நீயே ரசம் வச்சுக் கொண்டா" என்றாள். "அக்கா, நீ மொதல்ல ஈப்போவுக்குப் போயிட்டு வா" என்றேன். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்லா" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. ஆபீசுக்குப் போட்டேன், லோரி மலைக்குப் போய்விட்டது என்றார்கள். என்னைக் கூப்பிடச் சொன்னேன். சாயங்காலம் கூப்பிட்டது அக்காதான். அப்போதும் ஈப்போ, ஈப்போ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "ஏன்டி, பயமா இருக்கா ஒனக்கு?" என்று என்னைத் தேற்றினாள்.

போஸ் லாஜுவில், அவசரத் தபாலாக, அனுப்புகிறேன். டாக்டர் சொன்னதை ஏன் மாமா அவளிடம் மறைத்தீர்கள்? கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். கால் மரத்தால், சிறுநீர் வராமல் போனால், ஒரு மணி நேரம்கூடக் காக்காதீர்கள்.

யுவனேஸ்வரி


தோட்டம்
2 மார்ச்

யுவனேஸ்வரி,

கிராணி அன்றே சொன்னார், நீ கூப்பிட்டாய் என்று. தேதி சொல்லக் கூப்பிட்டிருப்பாய் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தை அவளே வாங்கிக்கொள்ளட்டும் என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமை ஈப்போவில் இருந்தோம். எங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், மார்ச் நான்காம் தேதி வா என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வேண்டாம் என்றவன் நான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து பாத்ரூமுக்குப் போகக் காலைத் தரையில் வைத்தாள். "தரை எங்கங்க போச்சு?" என்று கேட்டாள். அப்படியே சரிந்துவிட்டாள். சிங்காரம் கெரேத்தாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அன்றைக்கே கரண்டு வைத்தார்கள். வலி குறைந்திருக்கிறது. கால் வரவில்லை. வராது என்று சொல்லிவிட்டார்கள். நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இடுப்புக்குக் கீழே நான் தொட்டால் அவளுக்குத் தெரியவில்லை.

என்னை மனிதனா என்று கேட்டாயே, இப்போது நீ சொல். பத்து வருஷம் பார்த்த கண்ணாம். நான் படிக்காதவன், நீ சொன்னதை நம்பினேன். டாக்டரை நம்பாமல் உன்னை நம்பினேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கேஎல் டாக்டர் உடம்பு தேறட்டும் என்கிறார், தேதி தள்ளிப் போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதை நம்பித்தான் கஞ்சி குடிக்கிறாள். உன்னை வரச் சொல்லுங்கள் என்கிறாள். நீ வராதே. உன் முகத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். போனிலும் அதிகம் பேசாதே. தேதி தள்ளிப் போகிறது என்று நீயும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. இதையாவது செய்.

கந்தசாமி


கோலாலம்பூர்
6 மார்ச்

மாமா,

நீங்கள் எழுதியது எல்லாம் நியாயம். நான் எதற்கும் பதில் சொல்லப்போவதில்லை.

நடந்ததை டாக்டர் கரேனிடம் சொன்னேன். ஆய்விலிருந்து என்னை எடுத்துவிட்டார். சத்தம் போடவில்லை. "உங்க அக்கான்னு தெரிஞ்சதும் அந்தத் தகட்ட என்கிட்ட கொடுத்திருக்கணும் யுவனேஸ்வரி" என்று மட்டும் சொன்னார். இப்போது கீழ் மாடியில் மெழுகுக் கட்டைகளுக்கு எண் ஒட்டுகிறேன். இதைச் சொல்வது உங்கள் இரக்கத்துக்காக இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று அக்கா கேட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நேற்று அவள் கூப்பிட்டபோது, "தேதி தள்ளிப் போவுதுக்கா" என்று சொல்லிவிட்டேன். "சரி, சரி, நீ அலையாத" என்றாள். போனை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். இதை என்னால் இன்னொரு தடவை சொல்ல முடியாது, மாமா.

என்னை வரவிடுங்கள். நானே அவளிடம் சொல்கிறேன். நான் செய்ததை என் வாயால் அவள் கேட்கட்டும். அவள் என்னை அடித்தாலும் சரி. உங்கள் கண்ணில் படாமல் இருந்துகொள்கிறேன். அவளைக் குளிப்பாட்ட, துணி மாற்ற உங்களுக்கும் ஒரு கை வேண்டாமா? காளியம்மா எத்தனை நாள் வருவாள்?

நீங்கள் சரி என்று எழுதாமல் வரமாட்டேன். ஒரு தடவை உங்களைக் கேட்காமல் முந்திக்கொண்டது போதும்.

யுவனேஸ்வரி


தோட்டம்
20 மார்ச்

யுவனேஸ்வரிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சாரதாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடச் சொல்லித் தானா ராத்தாவிலிருந்து நர்ஸ் வந்து காட்டிக் கொடுத்தார். நெஞ்சில் மறுபடி நீர் கோத்திருக்கிறது. இரண்டு தடவை எடுத்தாகிவிட்டது, இனி எடுத்தாலும் நிற்காது என்கிறார்கள். மார்பின் கொடுக்கிறோம். பாதி நேரம் தூங்குகிறாள்.

நீ வருவதற்கு இன்னும் சரி என்று சொல்ல என்னால் முடியவில்லை. நீ வந்து சொல்லிவிட்டால் உனக்குப் பாரம் இறங்கும். அதற்கப்புறம் அவளைப் புரட்டிப் போட வேண்டியவன் நான். அவள் என்னைப் பார்க்கிற பார்வையில் அது இருக்குமே, அதை எங்கே வைப்பேன்?

ஆனால் அவள் விடமாட்டேன் என்கிறாள். தேதியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது வேறு கேட்கிறாள். நேற்று புரட்டும்போது, "எரிஞ்சதுன்னாளே, அது எப்படி இருக்கும்? கட்டி முழுக்க எரியுமா, இல்ல அங்கங்க எரியுமா?" என்றாள். எனக்கென்ன தெரியும்? கொடி கொடியாக, பச்சையாக என்று உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். "கட்டி எப்படிங்க கொடியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன சொல்லட்டும்? எது பச்சையாக எரிந்தது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

கந்தசாமி


கோலாலம்பூர்
24 மார்ச்

மாமா,

அக்கா சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். கட்டி கொடியாக இருக்காது. அன்றைக்கு அதை நானே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் பாதியிலேயே கண்ணை எடுத்திருப்பேன்.

நுரையீரல் முழுக்க மெல்லிய நார் ஓடுகிறது. ரப்பர் மாதிரி. மூச்சு இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நாம் பேசுவது, பாடுவது, கத்துவது எல்லாம் அந்த நார் சுருங்கி வெளியே தள்ளும் காற்றில்தான். நீல வெளிச்சம் பட்டால் அந்த நார் தானாகவே பச்சையாக ஒளிரும். யாருடைய நுரையீரலை வைத்தாலும் ஒளிரும். ஊசி குத்தி எடுத்தபோது கட்டியோடு ஒட்டி, நோய் தொடாத ஒரு சின்னத் துண்டும் வந்திருக்கிறது. நான் பார்த்தது அதைத்தான். அது நோய் இல்லை. அவளிடம் மீதமிருந்த நல்ல நுரையீரல்.

அவளுக்கு மருந்து இருக்கிறது என்று நான் நினைத்தது அதைப் பார்த்துத்தான்.

இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். சொல்வதாக இருந்தால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டிவிடுங்கள். பொய்யாக எதையும் இதில் எழுதவில்லை. தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்துப் படியுங்கள், அதை விட்டுவிட வேண்டாம்.

பையை எடுத்து வைத்துவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறுவேன்.

யுவனேஸ்வரி


தோட்டம்
4 ஏப்ரல்

ஈசு,

சாரதா போனதைச் சிங்காரம் உனக்குப் போனில் சொன்னான். நீ வந்து சுடுகாட்டு ரோட்டில் தூரமாக நின்றுவிட்டுப் போனதைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. படித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தேன். நார், பச்சை, நோய் தொடாத துண்டு, உன் தப்பு, எல்லாம். ஈப்போ டாக்டர் கால் போகும் என்று சொன்னதையும் அதன் பிறகு நானே சொன்னேன். இனி எதையும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கேட்டு முடித்துவிட்டு, "நல்லதுதான் எரிஞ்சிச்சா" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் சொன்னாள், "அப்ப நான் அன்னைக்கே ஈப்போவுக்குப் போயிருக்கலாம்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸைத் தவறவிட்டவள் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஈசுவ வரச் சொல்லட்டா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. மறுநாளும் கேட்டேன். "அவ வந்தா நான் பரவால்லன்னு சொல்லணும். எனக்குத் தெம்பில்ல" என்றாள். அதனால்தான் உனக்கு நான் எழுதவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அவள் கேட்டிருந்தும் நான்தான் உன்னைத் தடுத்தேன் என்று நீ காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாய். அதுவும் உண்மை இல்லை. முதலில் தடுத்தது நான். கடைசியில் வேண்டாம் என்றது அவள்.

அதற்கப்புறம் உன் பேரையோ கால் பேச்சையோ அவள் எடுக்கவில்லை. தண்ணீர் கேட்டாள், புரட்டச் சொன்னாள், மருந்து கேட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. காளியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும். தலைமாட்டில் இடமில்லை.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் போகவில்லை. என்மேல் இருப்பதும் போகவில்லை. இரண்டும் ஒன்றாகிவிட்டது, பிரித்துப் பார்க்க முடியவில்லை. மன்னிப்பு என்று நீ ஒருவேளை எழுதுவாய். எழுதாதே. கொடுக்கிறவள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை பதினாறாம் நாள். அவள் பக்கத்துச் சொந்தம் என்று இருப்பது நீ ஒருத்திதான். வாசலில் வந்து நிற்காதே, உள்ளே வா. என்னால் உன்னிடம் பேச முடியாது. யார் கேட்டாலும் அவள் தங்கச்சி என்று மட்டும் சொல்வேன். இலை போட்டுச் சாப்பாடு இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போ.

கந்தசாமி